முதியோரும் பங்காளிகளே!

மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்கனியும் முன்னர்க் கசக்கும், பின்னர் இனிக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. பள்ளியில் கட்டுரை எழுதிய நாள்களில் இதை எழுதாதவர் நம்மில் எவரும் இலர். எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் மூத்தோர் சொல்லைக் கேட்பதற்கென்றே என்றேனும் ஒரு நாளை ஒதுக்கினோமா? நெல்லிக்கனியைப் புகழ்ந்தோம், கடித்துப் பார்க்கவில்லை. இவ்வாறு கூறுவதற்காக மாணவ நண்பர்கள் என்மேல் சினம் கொள்ளக் கூடாது. இந்தக் குற்றத்திற்கு முதற் குற்றவாளியாக என்னையே நிறுத்துகிறேன்.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், படிப்பின் ஒரு பகுதியாக, பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே உள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றேன். என் கையில் ஒரு வினாப்படிவம் இருந்தது. முதியோருக்குக் கிடைக்கும் நலப்பணிகளைப் பற்றி நாற்பத்திரண்டு கேள்விகள். எழுதியவன் நான், திருத்தியவர் என் ஆசிரியர், அச்சடித்துத் தந்தவர் கடைக்காரர். அறுபது வயதைக் கடந்த ஒருவர்கூட அதை அதற்குமுன் கண்ணால் பார்த்ததில்லை. அது ஒரு குறை என்று அன்று எனக்குத் தோன்றவும் இல்லை.

ஒரு வீட்டுத் திண்ணையில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார் ஒரு பாட்டி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "நாள்தோறும் நடைப்பயிற்சி செய்வீர்களா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன். அவர் சிரித்தார். "நடக்காமப் பின்ன பறந்தா போறேன் கண்ணு?" என்றார். 'ஆம்' என்று குறித்துக்கொண்டேன். "சுகாதார நிலையம் எவ்வளவு தூரம்?" என்றேன். மூன்று கிலோமீட்டர் என்றார். குறித்துக்கொண்டேன். "அங்கே மருந்து இலவசமாகக் கிடைக்கிறதா?" கிடைக்கிறது என்றார். அதையும் குறித்துக்கொண்டேன்.

நாற்பத்திரண்டும் முடிந்தபின் அவர் என்னை ஒன்று கேட்டார். "ஏங்கண்ணு, பஸ்ஸுப் படி எத்தனை ஒசரம்னு உன்ர காயிதத்துல கேக்கவே இல்லையே?"

அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. பேருந்தின் முதற்படி அவருடைய முழங்காலுக்கும் மேலே இருக்கிறது. கைப்பிடியை எட்டிப் பிடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. ஒருமுறை விழுந்தும் இருக்கிறார். ஆகையால் மாதந்தோறும் போக வேண்டிய இடத்திற்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை போகிறார். இடைப்பட்ட நாள்களுக்குப் பற்றாமல் போகும் இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தின்கிறார். என் படிவத்தின் கணக்குப்படி அவருக்கு ஒரு குறையும் இல்லை. தூரம் குறைவு, மருந்து இலவசம், நடைப்பயிற்சியும் உண்டு!

பஸ் படியைக் குறிக்க என் படிவத்தில் கட்டம் இல்லை. நான் குறிக்கவும் இல்லை. ஆய்வுரையை எழுதிக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண் வந்தது. சில மாதங்கள் கழித்து அந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது அந்தப் பாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீ எழுதிக்கிட்டுப் போனியே, அது என்னாச்சு கண்ணு?" என்றார். என்னிடம் விடை இல்லை. அந்தக் கேள்வியே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

நண்பர்களே, நாம் தமிழ் இலக்கணம் படித்தவர்கள். வேற்றுமை உருபுகளை அறிவோம். முதியோரை ஆராய்வது ஒன்று. முதியோருக்காக ஆராய்வது மற்றொன்று. முதியோரோடு ஆராய்வது வேறொன்று. இரண்டாம் வேற்றுமையில் முதியவர் செயப்படுபொருள். நான்காம் வேற்றுமையில் அவர் கொடையைப் பெறுபவர். மூன்றாம் வேற்றுமையில்தான், உடனிகழ்ச்சிப் பொருளில், அவர் நம்மோடு சேர்ந்து செயலைச் செய்பவர் ஆகிறார். நம் ஆய்வுகள் இதுவரை 'ஐ' உருபிலேயே நின்றன. கருணை மிகுந்தபோது 'கு' உருபுக்கு வந்தன. 'ஓடு' உருபுக்கு வர வேண்டும் என்பதே என் வழக்கு.

இதை ஏதோ மேல்நாட்டு நாகரிகம் என்று தள்ளிவிட வேண்டா. பிரிட்டனில் மருத்துவ ஆராய்ச்சியில் நோயாளிகளையும் பொதுமக்களையும் உடன்சேர்ப்பதற்கென்றே 1996-இல் ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் நம் மொழியில் இதற்கு அதைவிடப் பழைய சொல் இருக்கிறது. பங்காளி என்ற சொல்லே அது. பங்காளி விருந்தாளி அல்லன். விருந்தாளிக்கு இலை போடுவோம். கணக்கைக் காட்ட மாட்டோம். பங்காளிக்குக் கணக்கைக் காட்டியே தீர வேண்டும். அவனுக்கு வரப்பில் உரிமை உண்டு; வாய்க்காலில் உரிமை உண்டு; சண்டை போடவும் உரிமை உண்டு. ஆய்வில் முதியோர் அத்தகைய பங்காளிகளாக இருக்கட்டும் என்கிறேன்.

இதற்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். கணக்கைப் பார்ப்போம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனோர் நூற்றுக்கு 8.6 பேர். தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. 2031-இல் கேரளத்தில் இது 20.9 ஆகும் என்று அரசின் மதிப்பீடு கூறுகிறது. அதாவது ஐந்து பேர் கூடினால் ஒருவர் முதியவர். தமிழ்நாடும் 18.2 என்ற அளவில் பின்னாலேயே வரும். இந்தியாவிலேயே முதலில் முதுமை அடைந்துவரும் மாநிலம் கேரளம். அம் முதுமையின் ஒரு பகுதி தமிழில் பேசுகிறது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது எல்லைக் கோடு மொழியின் மேலே போகவில்லை. அதை அறுத்துக்கொண்டு போயிற்று. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. சித்தூர்த் தாலுகாவின் கிழக்குப் பகுதியில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்களில், தமிழ் வீட்டு மொழியாகவே நின்றது. அட்டப்பாடியில் இருளர் மொழியோடு தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கின்றன. மறையூர், காந்தலூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்கள் எந்த மாநிலமும் பிறப்பதற்கு முன்பே தமிழ் பேசியவை. அன்று குழந்தையாக இருந்தவர்களே இன்றைய முதியோர். அவர்கள் ஊரை விட்டு நகரவில்லை. ஆட்சி மொழிதான் அவர்களை விட்டு நகர்ந்தது.

இதன் விளைவு முதுமையில்தான் கூர்மையாகத் தெரியும். இளைஞர்கள் இரு மொழியையும் பேசிச் சமாளித்துவிடுகிறார்கள். முதியவர் மருந்துச் சீட்டைப் பேரனிடம் நீட்டுகிறார். பேரன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போயிருந்தால் சீட்டு மாடத்தில் கிடக்கிறது. சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், மறுமொழியும் அம்மொழியிலேயே வர வேண்டும் என்று கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வகுத்தது. குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் படிவம் எந்த மொழியில் வருகிறது என்பதே நடைமுறையில் உரிமையின் அளவைத் தீர்மானிக்கிறது.

இனி மலைக்குச் செல்வோம். என் விடுதி நண்பர் ஒருவர் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டி நாற்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளியவர். இப்போது மகனுடைய லயத்தில் இருக்கிறார். அந்த லயம் மகனுக்குச் சொந்தமன்று, வாடகைக்கும் எடுத்ததன்று. வேலை இருக்கும்வரை வீடு, அவ்வளவே. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தர வேண்டும் என்றது. தொழிலாளியாக இருந்து ஓய்ந்தவருக்கு என்ன தருவது என்பதைச் சட்டம் சொல்லாமல் விட்டது. ஓய்வு பெற்றவர்கள் லயத்தை ஒழித்துக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் வேலைக்கு இருந்தால் அந்தக் கூரையின்கீழ் ஒண்டலாம். இல்லையேல் தேனிக்கோ திருநெல்வேலிக்கோ, பாட்டனார் விட்டு வந்த ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவரை அறிந்தவர் எவர் இருப்பர்?

இந்தப் பாட்டியிடம் ஒருநாள் கணக்கெடுக்க வந்தார்களாம். "சொந்த வீடா, வாடகை வீடா?" என்று கேட்டார்களாம். இரண்டும் இல்லை என்றாராம் பாட்டி. படிவத்தில் மூன்றாம் கட்டம் இல்லை. வந்தவர் சற்று யோசித்துவிட்டு, வாடகை கொடுக்கவில்லை அல்லவா என்று சொல்லிச் 'சொந்த வீடு' என்று குறித்துக்கொண்டு போய்விட்டாராம். இப்போது புள்ளிவிவரத்தின்படி அவர் வீட்டுக்காரி! இதைச் சொல்லும்போது என் நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அவ்வாறு குறித்தவன்தானே?

லயத்தின் கதை அந்தப் பாட்டிக்குத் தெரியும். பென்ஷன் வாங்குவோர் உயிரோடு இருப்பதை மெய்ப்பிக்க அக்ஷயா மையத்தில் விரல் ரேகை வைக்கும் 'மஸ்டரிங்' எப்படி நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நாற்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதும் தெரியும். ரேகை பதியாதவருக்கு விதியில் வேறு வழி உண்டு; அந்த வழி எத்தனை லயங்களின் காதுக்கு எட்டியிருக்கிறது என்பதும் அவருக்கே தெரியும். இவற்றை எல்லாம் அறிந்த ஒருவரை நாம் 'தகவலாளி' என்று அழைக்கிறோம். ஒன்றும் அறியாமல் படிவத்தோடு போகும் நம்மை 'ஆய்வாளர்' என்று அழைத்துக்கொள்கிறோம். பெயர்கள் இடம் மாறியிருக்கின்றன அல்லவா?

படிக்காத முதியவர் ஆராய்ச்சி செய்ய முடியுமா என்று ஐயுறுவோர்க்குப் பாலக்காட்டு எல்லையிலேயே விடை இருக்கிறது. பெருமாட்டிப் பஞ்சாயத்தில் உள்ள பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டில் ஒரு பெரிய குளிர்பான ஆலை தொடங்கிற்று. சில காலத்தில் சுற்றுப்புறக் கிணறுகளின் நீர் கெட்டது. அதை முதலில் கண்டறிந்தது எந்த ஆய்வுக்கூடமும் அன்று. சோறு சரியாக வேகவில்லை, நீரின் சுவை மாறிவிட்டது, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று கண்டவர்கள் அங்கிருந்த பழங்குடிப் பெண்களே. எரவாளர் குலத்து மயிலம்மா அவர்களுக்கு முன் நின்றார். 2002 ஏப்ரல் 22-ஆம் நாள் போராட்டம் தொடங்கியது. 2003-இல் பி.பி.சி. வானொலி அந்த ஆலைக் கழிவை எடுத்துப் பிரிட்டனில் சோதிக்கச் செய்தபோது ஈயமும் காட்மியமும் இருப்பது தெரிந்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-இல் மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. மயிலம்மா 2007-இல் மறைந்தார். அடுப்படியில் தொடங்கிய ஆராய்ச்சியை ஆய்வுக்கூடம் பின்னால் வந்து உறுதி செய்தது. உற்றுநோக்கல், ஒப்பிடல், ஐயுறல், மீண்டும் பார்த்தல் ஆகியவை அறிவியலின் படிகள் என்று நாம் படிக்கிறோம். மயிலம்மாவும் அவர் அண்டை வீட்டாரும் இந்தப் படிகளில் எதை விட்டுவிட்டார்கள்?

இன்னொரு சான்றும் கூறுவேன். முதுமையில் வரும் மறதி நோயைப் பற்றி ஆராய 1998-இல் கொச்சியில் கூடிய அறிஞர்கள் ஒரு குழு அமைத்தார்கள். அதற்குப் '10/66' என்று பெயர். நோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவே அவர்களைப் பற்றி நடந்தது என்பதே அப்பெயரின் பொருள். சென்னையிலும் வேலூரிலும் அவர்கள் ஆய்வு செய்தார்கள். படித்தவர்களை மனத்தில் வைத்து எழுதிய சோதனைகளைப் படிக்காத முதியவரிடம் வைத்தால், நல்ல நினைவாற்றல் உள்ளவரையும் நோயாளி என்று அது காட்டிவிடும் என்பதை உணர்ந்து, முதியவரோடு உரையாடல், வீட்டாரிடம் விசாரணை, சில சொற்களைக் கேட்டு நினைவில் வைத்துச் சொல்லுதல் ஆகியவற்றைச் சேர்த்து வேறு முறை வகுத்தார்கள். கேள்வி தவறாக இருந்தால் மனிதரே தவறாகத் தெரிவார் என்பது இதன் பாடம். நம் ஊரில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்கிறார்கள். இந்தச் சொல் தெரியாத ஒருவர் மறதி நோயைப் பற்றிக் கேட்டால் 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்ற விடையே கிடைக்கும். எந்தச் சொல்லால் கேட்க வேண்டும் என்பதை நமக்குச் சொல்லித் தரக்கூடியவர் யார்? முதியவரே.

கேரளத்தில் இதற்கு நல்ல நிலமும் இருக்கிறது. 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, பஞ்சாயத்துகள் தீட்டிய திட்டங்களைச் சரிபார்க்க ஓய்வு பெற்ற பொறியாளர், மருத்துவர் முதலிய வல்லுநரைத் தொண்டர்களாக அழைத்தார்கள். அவர்கள் மகிழ்ச்சியோடு வந்தார்கள். ஓய்வு என்பது அறிவுக்கு ஓய்வு அன்று என்பதை அது காட்டிற்று. ஓய்வு பெற்ற பொறியாளருக்குக் கிடைத்த அழைப்பு, ஓய்வு பெற்ற கொழுந்துப் பெண்ணுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? அணையைப் பற்றி அவர் அறிவார் எனில், லயத்தைப் பற்றி இவர் அறிவார்.

1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கமும் இத்தகையதே. மருத்துவமனையில் பிறந்த அந்தப் பணி, பின்னர் ஊர்த் தொண்டர்களின் கையில் வளர்ந்தது. 2008-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கேரள அரசு அதற்கெனக் கொள்கை வகுத்தது. இன்று எல்லையோரச் சிற்றூரிலும் 'பாலியேட்டிவ் நர்ஸ்' என்றால் பாட்டிமாருக்குத் தெரிகிறது. பஞ்சாயத்துகளில் முதியோருக்கென்று தனிக் கிராமசபை கூட்டும் வழக்கம் உண்டு. 2025-இல் முதியோர் ஆணையத்திற்கென்று சட்டமே இயற்றியிருக்கிறார்கள். கதவுகள் இருக்கின்றன. கதவைத் தட்டுவதற்கு முதியோர் கையில் சான்று வேண்டும். அந்தச் சான்றை அவர்களே திரட்ட நாம் துணை நிற்க வேண்டும்.

வெளிநாட்டில் இது நடந்திருக்கிறது. 2002-ஐ அடுத்து ஹெல்ப்ஏஜ் அமைப்பு வங்காள தேசம், கென்யா, டான்சானியா, பொலிவியா, ஜமைக்கா ஆகிய நாடுகளில் முதியோர் குழுக்களை ஏற்படுத்தி, அரசு அறிவித்த உதவிகள் உண்மையில் கிடைக்கின்றனவா என்பதை முதியோரே கணக்கெடுத்து அதிகாரிகளிடம் வைக்கச் செய்தது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் முதியோருக்கு உகந்த நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று கையேடு வெளியிட்டபோது, 33 நகரங்களின் முதியோரைக் கூட்டி அவர்கள் சொன்னதிலிருந்தே அதைத் தொடங்கியது. புதுதில்லியும் உதயபூரும் அவற்றுள் அடங்கும். நகரத்து முதியோர் பேசிவிட்டார்கள். எல்லைக் கிராமத்தாரும் லயத்தாரும் இன்னும் பேசவில்லை.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். "முதியவர் தம் குறையையே பெரிதாகக் காண்பார், நடுநிலை கெடும்" என்று சிலர் கூறுவர். நடுநிலை என்பது ஒன்றும் அறியாதிருத்தல் அன்று. என் படிவம் நடுநிலையாகத்தான் இருந்தது. பஸ் படியைத் தவற விட்டது. ஒருவரின் சார்பைப் பத்துப் பேரைக் கேட்டுச் சரிசெய்யலாம். கேட்காமல் விட்ட கேள்வியை எந்தக் கணக்கும் சரிசெய்யாது.

"பெரிய கணக்கெடுப்புகள் வேண்டாவா?" என்று வேறு சிலர் கேட்பர். கட்டாயம் வேண்டும். 2017, 2018 ஆண்டுகளில் நாடு முழுவதும் 45 வயதும் அதற்கு மேலும் ஆனோரையும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைவரையும் சேர்த்து 72,000 பேருக்கு மேல் கண்டு எடுத்த முதுமை ஆய்வு அரிய செல்வம். அது எத்தனை பேருக்கு நோய் உண்டு என்று சொல்லும். அந்த நோயாளி மருந்தை ஏன் பாதியாக உடைக்கிறார் என்பதைத் திண்ணையில்தான் அறியலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

"முதியோருக்கு இது சுமை ஆகாதா?" என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். ஆகும், நாம் கவனமின்றி நடந்தால் ஆகும். வெயிலில் கூட்டம் போட்டு மூன்று மணி நேரம் பேசவைப்பது மரியாதை அன்று. அதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பொன்னாடை போர்த்தி, மேடையில் அமர்த்திப் படம் எடுத்துக்கொண்டு, முடிவுகளை நாமே எழுதிக்கொள்வது. அது பங்காளி அன்று, அலங்காரம். அதைவிடப் பழைய படிவமே நேர்மையானது.

முதியோர் என்றால் எந்த முதியோர் என்பதையும் கேட்டாக வேண்டும். ஊரில் கூட்டம் என்றால் முன்வரிசையில் அமர்பவர் யார் என்பது நமக்குத் தெரியும். நிலம் உள்ள ஆண்கள் அமர்வார்கள். முதலமடைப் பஞ்சாயத்தின் கோவிந்தாபுரத்தில் அம்பேத்கர் காலனிச் சக்கிலியர் மக்கள் எழுப்பிய தீண்டாமைப் புகார் 2017-இல் கேரளம் முழுவதும் பேசப்பட்டது. அத்தகைய ஊர்களில் 'முதியோர் குழு' என்று பொதுப்பெயர் வைத்து ஒரு தெருவின் குரலை மட்டும் எடுத்து வந்தால் நாம் ஆராய்ச்சி செய்தவர்கள் ஆக மாட்டோம். பழைய அநீதிக்குப் புதிய முத்திரை குத்தியவர்கள் ஆவோம். கூட்டத்திற்கு வர முடியாமல் படுக்கையில் கிடப்பவரே மிகுதியும் அறிந்தவர் என்பதையும் மறக்கக் கூடாது. அவரிடம் நாம் போக வேண்டும்.

ஆகவே நம் மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வரும் விடுமுறையில் நாம் நடத்தும் முகாமை இந்த முறையில் நடத்திப் பார்ப்போம். சித்தூர் எல்லையில் ஓர் ஊர், தேவிகுளம் பக்கத்தில் ஒரு தோட்டம், இரண்டே இடங்கள் போதும். ஒவ்வோர் இடத்திலும் எட்டு முதியோர். பாதிப்பேர் பெண்கள், ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒருவராவது.

முதல் வாரம் படிவமே கூடாது. எதை ஆராய வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அது பஸ் படியாக இருக்கலாம். லயத்துக் கூரையாக இருக்கலாம். நாம் எண்ணியே பாராத ஒன்றாகவும் இருக்கலாம். கேள்விகளை அவர்கள் சொல்லட்டும், நாம் எழுதுவோம். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுவோம். எந்தச் சொல் ஊருக்குப் புரியாதோ அதை அடிப்போம். பிறகு வீடு வீடாகச் செல்லும்போது ஒரு மாணவரும் ஒரு முதியவரும் சேர்ந்து செல்வோம். கேட்பவர் முதியவர், குறிப்பவர் மாணவர். தன் வயதுடைய ஒருத்தியிடம் ஒரு பாட்டி சொல்லும் செய்தியை இருபது வயது இளைஞனிடம் சொல்ல மாட்டார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அவர்களுடைய நாளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். இதை நன்கொடையாகக் கருதக் கூடாது. ஒரு நாள் வேலையை விட்டு வருபவருக்கு அந்த நாளின் வருமானம் போகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளும் இழந்த கூலியை ஈடுசெய்வதை ஏற்கின்றன. ஒப்புதலை அவர் அறிந்த மொழியில் பெற வேண்டும் என்றும், எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் நடுநிலையான சாட்சியின் முன் பெற வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. அவற்றையும் கடைப்பிடிப்போம்.

முடிவுகளை முதலில் ஊரில் படிக்க வேண்டும். அதன் பிறகே கல்லூரியில். ஊரார் 'இது தவறு' என்றால் திருத்த வேண்டும். பிறகு அதைத் தமிழிலேயே மனுவாக எழுதி, முதியோர் கிராமசபையில் அவர்களே எழுந்து வைக்கட்டும். நாம் பின்வரிசையில் நிற்போம். அறிக்கையின் முகப்பில், அவர்கள் விரும்பினால், அவர்கள் பெயரும் இருக்கட்டும். நம் பெயருக்கு முன்னால் இருக்கட்டும்.

இதனால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்டால், மாறிவிடும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். ஒரு பஸ்ஸின் படியைத் தாழ்த்துவதுகூட எளிதன்று என்பதை அறிவேன். ஆனால் ஒன்று உறுதி. "அது என்னாச்சு கண்ணு?" என்று கேட்கும் உரிமை இனி அந்தப் பாட்டிக்கு மட்டும் உரியதாக இராது. அவரும் நானும் சேர்ந்து அந்தக் கேள்வியை உரியவரிடம் கேட்போம். பங்காளி என்பதன் பொருள் அதுதானே?

நாமும் முதியோர் ஆவோம். 2060-ஆம் ஆண்டில் நம்முடைய திண்ணைக்கு ஓர் இளைஞன் படிவத்தோடு வருவான். அவன் நம்மை எப்படி நடத்த வேண்டும் என்று விரும்புகிறோமோ அவ்வாறே இன்று நாம் நடந்துகொள்வோம்.

விடுமுறை தொடங்கியதும் நான் கொழிஞ்சாம்பாறைக்குப் போகிறேன். இம்முறை கையில் படிவம் இராது. ஓர் அளவு நாடா மட்டும் இருக்கும். பஸ் படியைப் பாட்டியும் நானும் சேர்ந்து அளக்கப் போகிறோம். உடன் வர விரும்பும் நண்பர்கள் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.